வாசல் கேட்டைச் சுரண்டுகிறீர்களா? ஒரு நிமிஷம்!

மார்கழி முடிந்து தை பிறக்கப் போகிறது என்றால் மதுரைப் பக்கம் வீட்டுக்கு வீடு இரண்டு வேலைகள் கட்டாயம் நடக்கும். ஒன்று, சுவருக்கு வெள்ளையடிப்பது. இன்னொன்று, துருவேறிய இரும்பு கேட்டைச் சுரண்டிப் புது பெயின்ட் அடிப்பது. வண்டியூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே இரண்டாவது வேலை மும்முரமாக நடந்து கொண்டிருந்தது.

ஐம்பது வருஷப் பழைய வீடு. பெயின்டர் உப்புத்தாளை வைத்துக்கொண்டு கேட்டைத் தேய் தேய் என்று தேய்க்கிறார். மேலே இருந்த பச்சை போனது. அதற்குக் கீழே இருந்த சில்வர் பெயின்ட் போனது. கடைசியில் பளிச்சென்று கனகாம்பரப் பூ நிறத்தில் ஒரு பொடி உதிர ஆரம்பித்தது. வாசற்படி, திண்ணை, கழற்றிப் போட்ட செருப்பு, கோலம் போட்ட இடம், எல்லாவற்றின் மேலும் அந்தப் பொடிதான்.

அந்த வீட்டில் தவழுகிற வயசில் ஒரு பெண் குழந்தை. திண்ணையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து, ஆரஞ்சு நிறமாகிப் போன உள்ளங்கையை அப்படியே வாய்க்குக் கொண்டு போனாள். அப்பத்தா ஓடி வந்து தூக்கினார்.

"என்னத்தப்பா இது, செந்தூரம் மாதிரி கொட்டுது?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. ரெட் ஆக்சைடு. பழைய பிரைமரு. தட்டி விட்டாப் போயிரும்" என்றார் பெயின்டர்.

பெயின்டரை விட அப்பத்தாதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தார். அந்த நிறத்தில், அந்தக் காலத்து கேட்டில், அடி பூச்சாக இருப்பது பெரும்பாலும் ரெட் ஆக்சைடு அல்ல, ரெட் லெட். தமிழில் ஈயச் செந்தூரம். பேரில் ஓர் எழுத்து வித்தியாசம் போலத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டு சிவப்பு

கடையில் இன்று 'ரெட் ஆக்சைடு பிரைமர்' என்று வாங்குகிறோமே, அதன் சிவப்பு இரும்பு ஆக்சைடிலிருந்து வருவது. நம் தாத்தா காலத்து வீடுகளில் எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த சிவப்புத் தரை, கோயில் சுவர்க் காவி, செம்மண், துரு எல்லாம் அந்தக் குடும்பம்தான். செங்கல் நிறமாக, கொஞ்சம் மங்கலாக இருக்கும். சிவப்புத் தரையில் குழந்தை தவழ்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

ரெட் லெட் அப்படியல்ல. இது ஈய ஆக்சைடு. நிறமும் செங்கல் போல இருக்காது. ஆரஞ்சு கலந்த பளிச் சிவப்பு. நூறு கிராம் எடுத்துக்கொண்டால் அதில் 90 கிராமுக்கு மேல் ஈயமேதான்! இரும்பு துருப்பிடிக்காமல் காப்பதில் இதற்கு ஈடு இல்லை என்று உலகம் முழுக்க ஒரு காலத்தில் இதைத்தான் பூசினார்கள். 1937-ல் திறக்கப்பட்ட சான் பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலத்துக்குக்கூட முதலில் அடி பூச்சு ரெட் லெட்தான். அது நல்ல பூச்சு என்பதில் சந்தேகமே இல்லை. ஒட்டிக்கொண்டு இருக்கிற வரை பிரச்னை குறைவு. சுரண்டும்போதுதான் வினை.

ஈயம் என்றாலே நம் வீடுகளில் ஒரு குழப்பம் உண்டு. அதையும் இங்கேயே தீர்த்து விடலாம். தமிழில் வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசம் வைக்கிற ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் வெள்ளீயம். இந்தக் கட்டுரையில் நாம் திட்டிக் கொண்டிருப்பது காரீயத்தை. ஆனால் விலை மலிவு என்பதற்காக வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்து சொம்பு செய்தால் புளித் தண்ணீரும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கி விடும். வெண்கலக்கடைத் தெருவில் வாங்கினாலும் சரி, வேறெங்கே வாங்கினாலும் சரி, "இது சுத்த வெள்ளீயம்தானா?" என்று கேட்டு, பில் போட்டு வாங்குங்கள். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிறது, காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போலக் கறுப்பாகக் கோடு விழுகிறது என்றால் சந்தேகப்படலாம். (பென்சிலில் இருப்பது ஈயமே இல்லை, அது கரியின் ஒரு வகை. கடித்துத் தின்கிற பையனை அடிக்க வேறு காரணம் தேடுங்கள்!)

ஒரே மாவு, வேறு வேறு பலகாரம்

இந்த ஈய ஆக்சைடுகளின் கதை சமையல்கட்டில் நிற்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரே மாவுதான். தட்டில் ஊற்றி வேக வைத்தால் வெள்ளை இட்லி. கல்லில் ஊற்றினால் பொன்னிறத் தோசை. கொஞ்ச நேரம் மறந்து விட்டால் கருகல். ஈயமும் ஆக்சிஜனும் சேர்கிற விஷயமும் அப்படித்தான்.

ஈயம் 327 டிகிரியிலேயே உருகி விடும். உருகிய ஈயத்தின் மேல் காற்றுப் பட்டதும் பாலாடை போல ஓர் ஏடு படியும். அதை மேலும் சூடாக்கினால் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ ஒரு பொருள் கிடைக்கும். இது ஓர் ஈய அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு என்ற கணக்கில் சேர்ந்த ஆக்சைடு. நாட்டு மருந்துக் கடையில் 'மிருதார்சிங்கி' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். ஆங்கிலத்தில் லித்தார்ஜ் என்பார்கள்.

இதிலேயே ஒரு வேடிக்கை பாருங்கள். அதே ஈயம், அதே ஆக்சிஜன், அதே ஒன்றுக்கு ஒன்று கணக்கு. ஆனால் இரண்டு நிறம். 488 டிகிரிக்குக் கீழே சிவப்பு வடிவம்தான் நிலையானது. அதற்கு மேலே மஞ்சள் வடிவம். மஞ்சளைச் சட்டென்று ஆற வைத்தால் அது சிவப்பாக மாற மறந்து மஞ்சளாகவே நின்று விடும். உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கிற விதம்தான் வேறு.

சரி, இந்த மஞ்சள் பொடியைக் காற்றோட்டத்தில் 450, 500 டிகிரியில் மணிக்கணக்காகப் புரட்டிக்கொண்டே இருந்தால்? இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு நம் கேட்டில் உதிர்ந்த ஆரஞ்சுச் சிவப்பாகி விடும். மூன்று ஈய அணுவுக்கு நான்கு ஆக்சிஜன். இதுதான் ஈயச் செந்தூரம். தீயைக் கூட்டி 550 டிகிரியைத் தாண்ட விட்டால் வாங்கின ஆக்சிஜனைத் திருப்பிக் கொடுத்து விட்டு மறுபடியும் மஞ்சள்! அடுப்பின் பக்குவம் தெரியாதவன் செந்தூரம் செய்ய முடியாது.

மூன்றாவது ஆள் சாக்லேட் பழுப்பு. ஓர் ஈய அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன். இதை அடுப்பில் வைத்துச் செய்ய முடியாது. அமிலமோ மின்சாரமோ வேண்டும். செந்தூரத்தின் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றினால் ஆரஞ்சு நிறம் கண்ணெதிரே பழுப்பாகிப் போகும். காரணம், செந்தூரம் என்பதே இரண்டு பங்கு மஞ்சள் ஆக்சைடும் ஒரு பங்கு பழுப்பு ஆக்சைடும் கைகோத்து நிற்கிற பொருள். அமிலம் மஞ்சள் பங்கை மட்டும் கரைத்துக்கொண்டு போய்விடும். பழுப்பு தனியாக நிற்கும்.

பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படித்தவர்கள் உப்பு பகுப்பாய்வில் லெட் நைட்ரேட்டைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கியது ஞாபகம் இருக்கும். உப்பைத் தாளித்தது போலப் படபடவென்று வெடிக்கும். பழுப்பு நிறப் புகை வரும். சூட்டில் செம்பழுப்பாக இருக்கிற மிச்சம் ஆறினதும் மஞ்சளாகும். அந்த மஞ்சளும் நம்ம மிருதார்சிங்கியேதான்!

நிறம் ஏன் இப்படி மாறுகிறது? வெள்ளை வெளிச்சத்துக்குள் எல்லா நிறமும் இருக்கிறது. ஒரு பொடி அதில் ஊதாவையும் நீலத்தையும் விழுங்கிக்கொண்டால் மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும். பச்சையையும் சேர்த்து விழுங்கினால் சிவப்பு. ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கினால் பழுப்பு. ஆக்சிஜன் எத்தனை, அடுக்கு எப்படி என்பதைப் பொறுத்து எதை விழுங்குவது என்பது மாறுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இப்படி மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு என்று வேஷம் போடக்கூடிய ஒரு பொருளை நிறத்தை வைத்து மட்டும் கண்டுபிடிக்கவும் முடியாது. நிறத்தை வைத்து மட்டும் "இதில் ஈயம் இல்லை" என்று சத்தியம் பண்ணவும் முடியாது.

வயிற்றுக்குள் என்ன ஆகிறது?

நம் இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சோதனைக் குழாயில் அமிலம் செய்த அதே வேலையை வயிற்றிலும் அமிலம் செய்யும். விழுங்கிய தூளிலிருந்து ஈயம் கரைந்து குடலுக்கு வந்து சேரும். அங்கே நம் உடம்பு ஏமாந்து போகிறது. ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து உள்ளே விட்டு விடுகிறது! பெரியவர்கள் விழுங்கினால் ஒரு சிறு பங்குதான் ரத்தத்தில் ஏறும். சின்னக் குழந்தைகள் அதைப் போல நான்கைந்து மடங்கு இழுத்துக்கொள்வார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறும் வயிறாக இருந்தால், ரத்தசோகை இருந்தால், கால்சியம் போதாமல் இருந்தால் இன்னும் அதிகம்.

ரத்தத்தில் ஏறிய ஈயம் எலும்பில் போய்க் குடியேறும். வருஷக் கணக்கில் அங்கேயே இருக்கும். பிறகு ஒரு பெண் கர்ப்பமாகும்போது, குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் இறங்குகையில், பழைய ஈயமும் கூடவே இறங்கி வரும். அம்மா சின்ன வயசில் விழுங்கியது பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. இதனால்தான் கேட் சுரண்டுகிற இடத்தில் குழந்தை மட்டுமல்ல, கர்ப்பிணிகளும் நிற்கக் கூடாது என்பது.

இதில் மோசமான சங்கதி, வெளியே ஒன்றும் தெரியாது. அளவு மிக அதிகமானால் வயிற்று வலி, மலச்சிக்கல், சோகை, வலிப்பு என்று காட்டும். குறைவாக இருந்தால் பிள்ளை பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருப்பான். படிப்பில் கவனம் நிற்காது; சொன்னது மனதில் பதியாது; எதற்கெடுத்தாலும் எரிச்சல். நாம் "சரியான வாலு, படிப்பே ஏறலை" என்று திட்டிக் கொண்டிருப்போம். சென்னையில் 3 வயது முதல் 7 வயது வரை உள்ள எழுநூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம்தான் கவனக்குறைவும் படபடப்பும் அதிகம் என்று ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பெண்கள் காட்டின. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதுதான் இன்றைய மருத்துவத்தின் நிலை. 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி.

நம் ஊர் காற்றில் முன்பு பெட்ரோல் புகையிலிருந்தும் ஈயம் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் சேர்க்காத பெட்ரோல்தான். அந்தப் பெரிய வாசல் அடைபட்டு விட்டது. மிச்சம் இருப்பவை எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கிற சின்னச் சின்ன வாசல்கள்.

வீட்டுக்குள் எங்கெங்கே?

மிருதார்சிங்கியைப் புண்ணுக்கு, படைக்குக் களிம்பாகப் போடுவது பழைய வழக்கம். மேல்நாட்டிலும் இதை எண்ணெயில் காய்ச்சி பிளாஸ்திரி செய்தார்கள், ஆகவே நம்மவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் திறந்த புண்ணிலும், பால் கொடுக்கிற தாயின் மார்பிலும், குழந்தை மேலிலும் இதை நாமாகப் பூசுவது வேண்டவே வேண்டாம். 'செந்தூரம்' என்று பேர் உள்ளதெல்லாம் ஈயம் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். சித்த மருத்துவத்தில் அயச்செந்தூரம் இரும்பில் செய்வது. தகுதியான வைத்தியர் எழுதிக் கொடுத்து, உரிமம் பெற்ற கம்பெனி மருந்தாக வாங்குவது ஒன்று. காகிதத்தில் மடித்துத் தருவதை வாங்கி விழுங்குவது வேறொன்று.

குங்குமம். தாழம்பூக் குங்குமத்துக்குப் பேர்போன மதுரையில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது. மஞ்சள், எலுமிச்சைச் சாறு, வெண்காரம், படிகாரம் என்று வீட்டில் செய்த குங்குமத்தில் ஈயத்துக்கு வேலையே இல்லை. வகிட்டில் வைக்கிற ஆரஞ்சு சிந்தூரில்தான் ஈயச் செந்தூரம் கலக்கிற வழக்கம் இருந்தது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் வாங்கிய சிந்தூர் மாதிரிகளில் நூற்றுக்கு 43, அந்த நாட்டு வரம்பான கிராமுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூர் வருகிற அன்று தரையில் சாக்கு விரித்துக் குவித்து விற்கிறார்களே, அந்தக் கலர் கலரான பொடிகளில் எது எதில் செய்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. ஈயச் செந்தூரம் தண்ணீரைப் போல எட்டு மடங்குக்கு மேல் கனம். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டதும் மணல் போல நேராக அடியில் போய் உட்கார்ந்தால் அதைக் குழந்தை நெற்றிக்கு வைக்காதீர்கள். மிதந்தால் நல்லது என்று அர்த்தமில்லை. இது முழுப் பரிசோதனை அல்ல, ஓர் எச்சரிக்கைதான்.

மஞ்சள் தூளில் கலப்பது ஆக்சைடு அல்ல, ஈயக் குரோமேட் என்கிற பளிச் மஞ்சள். பங்களாதேஷில் 2019-ல் கடை மஞ்சள் மாதிரிகளில் நூற்றுக்கு 47-ல் ஈயம் தெரிந்தது. அரசு மில்களில் புகுந்து சோதித்து, அபராதம் போட்டு, ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியது. 2021-ல் அது பூஜ்யம்! மனசு வைத்தால் இரண்டே வருஷம். இந்தியாவில் பாட்னாவிலும், பாகிஸ்தானில் கராச்சியிலும் பெஷாவரிலும் கிராமுக்கு 1000 மைக்ரோகிராமைத் தாண்டிய மாதிரிகள் கிடைத்ததாக 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. நம் நாட்டு வரம்பு வெறும் 10. விரலி மஞ்சளை வாங்கிக் கழுவி, காய வைத்து, தெரிந்த மில்லில் நம் கண் முன்னே அரைத்து வாங்குவது பாட்டி வழக்கம் மட்டுமல்ல, நல்ல வழக்கமும்கூட. விரலியே மினுக்கி மினுக்கிப் பளபளவென்று இருந்தால் அதையும் விட்டு விடுங்கள்.

இன்வெர்ட்டர். தமிழ்நாட்டில் மின்வெட்டு வாட்டிய வருஷங்களில் வாங்கிப் போட்டது இன்னும் பல வீடுகளில் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. அதன் பாட்டரியில் சார்ஜ் ஏறிய பாசிட்டிவ் தகட்டில் இருப்பது நாம் சொன்ன சாக்லேட் பழுப்பு ஆக்சைடு. நெகட்டிவ் தகட்டில் சாம்பல் நிற ஈயம். சார்ஜ் இறங்க இறங்க இரண்டுமே வெள்ளை ஈய சல்பேட்டாகும். ஏற்றினால் மறுபடி பழுப்பும் சாம்பலும். டெர்மினல் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதை வெறும் கையால் தட்டி ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவி விடுங்கள். பழைய பாட்டரியை, "பிரிச்சுக் குடுத்தா கூட ஐந்நூறு தர்றேன்" என்று யாராவது சொன்னால் வாசலில் உடைக்க விடாதீர்கள். புது பாட்டரி வாங்குகிற கடையில் பழையதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது 2001 முதலே சட்டம். 2022-ல் வந்த புது விதிகளிலும் பழைய பாட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர் மேல் இருக்கிறது.

பெயின்டுக்கு வருவோம். 2017 நவம்பர் முதல் வீட்டு உபயோக பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. டின் மேலேயே எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். ஆனால் தொழிற்சாலை உபயோக பெயின்டுக்கு இந்த விதி பொருந்தாது. "சார், ஃபேக்டரி சரக்கு, நல்லா ஸ்ட்ராங்கா நிக்கும்" என்று யாராவது கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லி விடுங்கள்.

அந்த கேட் என்ன ஆயிற்று?

வேலையை நிறுத்தச் சொன்னோம். குழந்தையையும் அவள் அம்மாவையும் பின்கட்டுக்கு அனுப்பினோம். உதிர்ந்ததை விளக்குமாற்றால் பெருக்கவில்லை. பெருக்கினால் தூள் பறக்கும். ஈரச் சாக்கை வைத்து ஒற்றி எடுத்தோம். கேட்டுக்கு அடியில் பழைய பிளாஸ்டிக் பேனரை விரித்து, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, துரு இருக்கிற இடத்தை மட்டும் தேய்க்கச் சொன்னோம். துருவே இல்லாமல் கெட்டியாகப் பிடித்திருந்த இடத்தைத் தொடவே இல்லை. அதன் மேலேயே புது பூச்சு. நெருப்பு விளக்கைக் காட்டி பெயின்டை உரிக்கிற வழக்கம் சிலருக்கு உண்டு. அதை மட்டும் செய்யவே கூடாது, ஈயப் புகை நேராக நுரையீரலுக்குப் போகும். வழிந்த ஆரஞ்சுக் கரைசலைச் சாக்கடையில் விடாமல் டின்னில் பிடித்து, காய வைத்து, மூடிக் கட்டி, 'விஷம்' என்று எழுதி, துப்புரவுப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுத்தாயிற்று.

குழந்தைக்கு? டாக்டரிடம் காட்டி ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொன்னேன். எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை. பழைய பெயின்ட் தூளில் விளையாடியவர்கள், மண்ணும் சுண்ணாம்பும் தின்கிறவர்கள், அப்பா பாட்டரி அல்லது பெயின்ட் வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளைகள் ஆகியோருக்கு அவசியம். பெரிய பரிசோதனைக் கூடங்கள் மாதிரியை எடுத்து வெளியூருக்கு அனுப்பி முடிவு வாங்கித் தரும். சில நாள் ஆகும். அளவு கொஞ்சம் கூடியிருந்தால் ஈயம் வருகிற வழியை அடைத்தாலே மெல்ல இறங்கும். 45 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஈயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்து உண்டு. அதை டாக்டர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழ், பால், முட்டை என்று இரும்பும் கால்சியமும் உள்ள சாப்பாட்டை வேளாவேளைக்குக் கொடுத்தால் ஈயம் ஏறுவது குறையும். ஏறியதை இது இறக்கி விடாது.

இவ்வளவும் முடிந்த பிறகு பெயின்டர் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். முப்பது வருஷமாக இந்த வேலை பார்க்கிறாராம். அடிக்கடி வயிறு வலிக்கும், மலச்சிக்கல் வேறு, "டீயும் பரோட்டாவும் சாப்பிட்டா அப்படித்தான்" என்று டாக்டர் சொன்னாராம். ரத்தப் பரிசோதனை முதலில் இவருக்குத்தான் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அவரிடமே சொன்னேன். அவர் கேட்டது வேறு ஒன்று.

"சார், வேலை முடிஞ்சு இதே சட்டையோடதான் வீட்டுக்குப் போவேன். பேரன் ஓடி வந்து காலைக் கட்டிக்குவான். அது...?"

வேலைத் துணியை வேலை இடத்திலேயே மாற்றி, ஒரு பையில் போட்டு மூடி எடுத்துப் போகச் சொன்னேன். வீட்டில் பிள்ளைகள் துணியோடு சேர்க்காமல் தனி வாளியில் துவைக்க வேண்டும்; குளித்த பிறகுதான் பேரனைத் தூக்க வேண்டும். அப்பத்தா உள்ளே போய் ஒரு பழைய வேட்டியும் துணிப்பையும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.